தரிசில் பெய்த மழை எங்கே போனது: ஆக்ரன் நிலங்களின் ஈரக் கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வடகிழக்கு மூலையில் ஆக்ரன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதையொட்டி 1907-இல் தொடங்கிய மானாவாரி ஆராய்ச்சி நிலையம் ஒன்று, அந்நாட்டு வேளாண் துறையின் கீழ் இன்றும் நடக்கிறது. ஒரு கேள்வியை அங்கே விடாமல் அளந்து வந்திருக்கிறார்கள்: பயிர் இல்லாத தரிசுக் காலத்தில் பெய்யும் மழையில் எவ்வளவு மண்ணுக்குள் தங்குகிறது?

அந்த அளவீடுகளை கிரெப் என்ற மண் அறிவியலாளர் 1979-இல் தொகுத்தார். 1916 முதல் 1930 வரை தரிசு மழையில் 19 சதவீதம்தான் மண்ணில் தங்கியது. நீராகச் சொன்னால் 102 மி.மீ. அந்த ஈரத்தை நம்பி விதைத்த கோதுமை எக்டேருக்கு 1.07 டன் தந்தது. 1961 முதல் 1975 வரையிலான காலத்தில் தங்கிய பங்கு 33 சதவீதம், நீர் 157 மி.மீ., விளைச்சல் 2.16 டன். இடையில் அந்த ஊரின் மழை கூடவில்லை, பாசனமும் வரவில்லை. மாறியது நிலத்தில் செய்த வேலை. இன்னும் சரியாகச் சொன்னால், நிலத்தில் செய்யாமல் விட்ட வேலை.

மானாவாரி தானியப் பயிரில் ஈரம் காப்பது பற்றி யோசிக்கிற எவருக்கும் இந்த ஒரு நிலையத்தின் கதையைப் படிக்கச் சொல்வேன். ஒரு நம்பிக்கை எப்படிப் பிறந்தது, நிலத்தை எப்படிக் கெடுத்தது, அளவீடு அதை எப்படி மெல்ல மெல்ல மாற்றியது, மாற்றிய பிறகும் எது தீராமல் நிற்கிறது என்று எல்லாமே இதில் இருக்கிறது.

இடத்தின் தன்மை

ஆக்ரன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,380 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைகளுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பெருஞ்சமவெளியில் இருக்கிறது. ஆண்டு மழை, பனிப்பொழிவையும் சேர்த்து, சராசரியாக 420 மி.மீ. அளவில். இதில் பெரும்பங்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வந்துவிடும். அதாவது வெயிலும் காற்றும் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் மழையும். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பலவற்றுக்கும் இதுதான் காரணம்.

மண் ஆழமானது, வண்டல் தூக்கலாக, களி அளவாக உள்ளது. பயிர் எடுக்கக்கூடிய நீராக மட்டும் கணக்கிட்டால் ஒரு சென்டிமீட்டர் ஆழ மண் ஏறக்குறைய 1.6 மி.மீ. நீரைப் பிடித்து வைக்கும். ஒன்றரை மீட்டர் ஆழம் வரை கோதுமை வேர் போகும் என்றால், 240 மி.மீ. கொள்ளும் தொட்டி காலடியிலேயே இருக்கிறது. தொட்டியின் அளவில் குறை ஏதும் இல்லை. நிரப்பத்தான் முடியவில்லை.

ஓராண்டு மழையில் கோதுமை எடுப்பது அங்கே பெரும் சூதாட்டம். அதனால் ஒரு பருவம் பயிர், அடுத்த பருவம் தரிசு என்ற முறை வந்தது. ஜூலையில் அறுவடை முடிந்தால், அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் விதைப்பு. நடுவில் 14 மாதங்கள் நிலம் சும்மா கிடந்து மழையைச் சேர்க்க வேண்டும். இரண்டு ஆண்டு மழைக்கு ஒரு விளைச்சல் என்பதுதான் ஒப்பந்தம். அந்த 14 மாத மழையில் 19 சதவீதம் மட்டும் தங்கினால், ஒப்பந்தத்தில் ஐந்தில் நாலு பங்கை வானமே திரும்ப எடுத்துக்கொண்டது என்று பொருள்.

புழுதி மூடாக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டகோட்டா பகுதியில் குடியேறி விவசாயம் செய்த ஹார்டி வெப்ஸ்டர் கேம்பெல் என்பவர் ஒரு முறையைப் பரப்பினார். ஆழ உழு, அடிமண்ணை அழுத்தி இறுக்கு, மேல்மண்ணைப் பொடிப்பொடியாக்கி வை. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பலுகு ஓட்டி அந்தப் புழுதிப் படுகையைப் புதுப்பி. புதிய நிலங்களில் குடியேற ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த ரயில் நிறுவனங்களும் இதைத் தூக்கிப் பிடித்தன. 1909-இல் வந்த சட்டம் வறண்ட பகுதிகளில் குடியேறுபவருக்கு 320 ஏக்கர் வரை நிலம் கொடுத்தது. வந்தவர்களில் பலர் ஈரமான நாடுகளிலும் மாநிலங்களிலும் விவசாயம் பழகியவர்கள். வறண்ட நிலத்துக்கு அவர்கள் கையில் இருந்த வழிகாட்டல் இதுதான்.

கேம்பெலின் வாதத்தைக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். மண் துகள்களுக்கு நடுவே மயிரிழை போன்ற நுண்குழாய்கள் இருக்கின்றன. அடியிலுள்ள நீர் இவற்றின் வழியே மேலேறி வெயிலில் ஆவியாகிறது. மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கினால் குழாய்கள் அறுபடும். நீர் மேலே வர வழியில்லாமல் அடியிலேயே நின்றுவிடும். உலகின் பல பகுதிகளில் உழவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டதும் இதற்கு நெருக்கமானதுதான்.

இது எங்கே சரி, எங்கே தவறு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் மையம் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நுண்குழாய் ஏற்றம் உண்மை. ஆனால் அது பெரிய அளவில் நடக்க நிலத்தடி நீர்மட்டம் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தச் சமவெளியில் நீர்மட்டம் பெரும்பாலும் மிக ஆழத்தில் கிடக்கிறது. அங்கிருந்து ஏறி வர எதுவும் இல்லை. மழை நனைத்த மேல் ஓரிரு அடி மண்தான் முழுக் கணக்கும்.

அந்த ஈரம் எப்படிப் போகிறது? மழை விட்ட முதல் ஓரிரு நாள் மண்ணின் முகம் ஈரமாக இருக்கும். அப்போது வெயிலும் காற்றும் கேட்கிற அளவு நீரை மண் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் மேலே விரலளவு மண் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணின் வழியே நீர் திரவமாக ஏறுவது மிகக் கடினம், ஆவியாக மெல்லக் கசியத்தான் முடியும். ஆவியாதல் தானாகவே பல மடங்கு குறைந்துவிடுகிறது. அதாவது, கேம்பெல் உழுது செய்ய நினைத்த அந்தத் தடுப்பை வெயிலே இலவசமாகச் செய்து முடித்துவிடுகிறது.

இப்போது உழவரின் பக்கம் நின்று பாருங்கள். மழை விட்டதும் ஏர் இறக்க முடியாது, சேறு. நிலம் ஏர் தாங்கும் பதத்துக்கு வருவதற்குள் மேல்மண் காய்ந்திருக்கும். தடுக்க நினைத்த இழப்பு நடந்து முடிந்திருக்கும். அந்த நேரத்தில் பலுகு ஓட்டினால், காய்ந்த மேல்மண் கீழே போய், அடியில் பத்திரமாக இருந்த ஈரமண் வெயிலுக்கு வந்துவிடும். முடிந்துபோன முதல் கட்ட இழப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒவ்வொரு மழைக்குப் பின்னும். ஒரு தரிசுக் காலத்தில் ஏழெட்டு முறைக்கு மேல் கூட.

சரி, அப்படியானால் புழுதி மூடாக்கு எங்குமே வேலை செய்யாதா? செய்யும். குளிர்காலத்தில் மழை, கோடை முழுக்க வறட்சி என்று இருக்கும் இடங்களில், உதாரணமாக அதே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிழக்குப் பகுதியில், வசந்தத்தில் ஒருமுறை மேல்மண்ணைக் கிளறி வைத்தால் விதைக்கும் ஆழத்து ஈரம் நீண்ட கோடையைத் தாண்டி நிற்கிறது. அங்கே கிளறிய படுகையைக் கலைக்கக் கோடை மழை இல்லை. மறுபடி மறுபடி உழ வேண்டியதும் இல்லை. ஆக்ரனில் மழையே கோடையில்தான். முறை தவறானது என்பதைவிட, அது பொருந்தும் மழைக்காலம் வேறு என்பதே சரி. மானாவாரித் தொழில்நுட்பம் எதையும் மழை மாதங்களைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

முகத்தை இழந்த மண்

புழுதியாக்கிய மண்ணுக்கு இன்னும் இரண்டு கேடுகள் இருந்தன. ஒன்று, கோடை மழை இந்தச் சமவெளியில் இடியோடு அடித்துப் பெய்யும். மூடாத மண்ணில் துளி விழும் வேகத்தில் துகள்கள் சிதறி, நுண்துளைகளை அடைத்து, மேலே ஓடு போல இறுகிவிடும். அப்புறம் வரும் மழை இறங்காமல் ஓடும். ஈரத்தை வெளியே விடாமல் தடுக்கச் செய்த வேலை, மழையை உள்ளே விடாமலும் தடுத்தது.

மற்றது காற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் கோதுமைக்கு ஏறிய கிராக்கியால் புல்வெளிகள் பெருமளவில் உழப்பட்டன. 1920-களில் டிராக்டரும் சட்டிக்கலப்பையும் அந்த வேகத்தைக் கூட்டின. சட்டிக்கலப்பை ஒரே ஓட்டத்தில் அரிதாளை, அதாவது அறுத்தபின் நிற்கும் பயிர்த் தண்டை, புரட்டி மூடி, மண்ணையும் நொறுக்கிவிடும். 1930-களில் தொடர் வறட்சி வந்தபோது அந்த வெற்று மண் எழுந்து பறந்தது. 1934 மே மாதப் புழுதிப் புயல் கண்டத்தைக் கடந்து கிழக்குக் கடற்கரை நகரங்கள் வரை போனது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புயலில் பகலே இருண்டது. அதே மாதம் 27-ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்காகப் போராடிய ஹியூ ஹாமண்ட் பென்னட் புதிய மண் பாதுகாப்புத் துறைக்குத் தலைமை ஏற்றார். மிக மோசமாக அடிபட்டது கொலராடோவின் தென்கிழக்கும் அதை ஒட்டிய கன்சாஸ், ஓக்லஹோமா, டெக்சஸ் பகுதிகளும். ஆக்ரன் அதற்கு வடக்கே இருந்தாலும் அங்கும் உழவு முறை அதுவேதான்.

இந்தப் பேரழிவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் காற்றையும் வறட்சியையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பறந்த மண் ஈரம் காக்கவென்று பொடியாக்கப்பட்ட மண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பங்கள் அலட்சியத்தால் அழியவில்லை. சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தவர்களும் அழிந்தார்கள்.

மண்ணுக்கடியில் ஓடிய கத்தி

அப்படியானால் உழாமல் விட்டிருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. அன்று முடியாது. தரிசில் களை முளைக்கும். ஒவ்வொரு களையும் தன் வேர் போகும் ஆழம் வரை நீரை உறிஞ்சி வெளியே விடும். ஆவியாதலாவது மேல்மண்ணோடு நிற்கும். களை ஆழத்து ஈரத்தையும் காலி செய்துவிடும். களையைக் கொல்ல உழவைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே முதல் மாற்றம் உழவை நிறுத்துவதாக இல்லை, உழும் கருவியை மாற்றுவதாக இருந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் சார்லஸ் நோபல் 1930-களின் நடுவில் அகலமான கத்திக் கலப்பை ஒன்றை உருவாக்கினார். விரித்த இறக்கை போன்ற தட்டையான கத்தி, தரைக்குக் கீழே சுமார் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் படுத்தபடி ஓடும். களையின் வேர் அறுபடும், மண் புரளாது, மேலே அரிதாள் நின்றது நின்றபடி இருக்கும். கிட்டத்தட்ட அதே காலத்தில் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் டுலி, ரசல் என்ற இரு ஆய்வாளர்கள், வைக்கோலை மேலேயே விட்டு விவசாயம் செய்யும் முறையை 1938 முதல் சோதித்து வளர்த்தார்கள். அரிதாள் மூடாக்கு என்று இதைச் சொல்லலாம்.

கருவியை மாற்றியதால் எவ்வளவு வித்தியாசம்? 1970-களில் இந்தப் பகுதியில் அளந்திருக்கிறார்கள். சட்டிக்கலப்பை ஓட்டிய ஒரே நாளில் மேல்மண்ணிலிருந்து சுமார் 8 மி.மீ. நீர் போய்விட்டது, நான்கு நாளில் சுமார் 13 மி.மீ. கத்திக் கலப்பை ஓட்டினால் இழப்பு இரண்டு மூன்று மி.மீட்டரோடு நின்றது. ஆண்டுக்கு 420 மி.மீ. பெய்யும் ஊரில் ஒரு சட்டிக்கலப்பை ஓட்டம் நல்ல ஒரு மழையைத் தின்றுவிடுகிறது. தரிசுக் காலத்தில் ஐந்தாறு ஓட்டம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வைக்கோலைப் பொறுத்தும் அதே நிலை. கத்திக் கலப்பை ஒருமுறை ஓடினால் மேலே கிடக்கும் வைக்கோலில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் மறையும். சட்டிக்கலப்பை ஒரே ஓட்டத்தில் பாதியை மூடிவிடும்.

வைக்கோலின் அளவும் ஈரத்தின் அளவும்

அந்த வைக்கோல் உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சோதனை ஆக்ரனில் நடந்ததல்ல. டெக்சஸ் மாநிலம் புஷ்லாண்டில், பால் அங்கர் என்பவர் செய்தது, 1978-இல் வெளியானது. கோதுமை அறுவடைக்கும் அடுத்த சோளம் விதைப்புக்கும் இடைப்பட்ட சுமார் 11 மாதத் தரிசில், வெற்று மண் தொடங்கி எக்டேருக்கு 12 டன் வரை வெவ்வேறு அளவு வைக்கோலைப் பரப்பினார்.

வெற்று மண்ணில் தங்கியது 72 மி.மீ. ஒரு டன் வைக்கோலுக்கு 99. நான்கு டன்னுக்கு 116. எட்டு டன்னுக்கு 139. பன்னிரண்டு டன்னுக்கு 147. அதன் மேல் விளைந்த சோளம், வெற்று மண்ணில் 1.78 டன், பன்னிரண்டு டன் வைக்கோலில் 3.99 டன். நிலம் ஒன்று, மழை ஒன்று, விளைச்சல் இரண்டு மடங்குக்கு மேல்.

இந்த எண்களில் இரண்டைக் கவனிக்கச் சொல்வேன். முதல் டன் வைக்கோல் மட்டுமே 27 மி.மீ. கூட்டியிருக்கிறது; கடைசி நான்கு டன் சேர்ந்து வெறும் 8 மி.மீ. அதாவது கொஞ்சமாவது மூடியிருப்பதற்கும் மூடாமலே இருப்பதற்கும் நடுவில்தான் பெரிய இடைவெளி. "முழுக்க மூட முடியாது, எதற்கு வீண் வேலை" என்று வைக்கோலை முழுவதும் அள்ளிவிடுபவர்களுக்கு இது நேரான பதில்.

இரண்டாவது, கசப்பான ஒன்று. எட்டு, பன்னிரண்டு டன் வைக்கோல் பாசனக் கோதுமையில்தான் கிடைக்கும். அங்கே மானாவாரிக் கோதுமை நிலம் தரும் வைக்கோல் பெரும்பாலும் இரண்டு டன்னைச் சுற்றியே நிற்கும். ஈரம் காக்க வைக்கோல் வேண்டும், வைக்கோல் விளைய ஈரம் வேண்டும். வறட்சி வந்த ஆண்டில் இரண்டும் ஒன்றாகச் சரிகின்றன. அடுத்த தரிசு இன்னும் குறைந்த மூடாக்கோடு தொடங்குகிறது. அதனால்தான் மானாவாரியில் ஒரு நல்ல மழை ஆண்டின் வைக்கோலைத் தானியத்துக்கு இணையாக மதிக்க வேண்டும் என்கிறேன். அதன் பலன் அந்த ஆண்டில் கண்ணில் படாது, அடுத்த விதைப்பில்தான் தெரியும்.

வைக்கோல் கிடப்பதைவிட நிற்பது மேல். நிற்கும் அரிதாள் தரையை ஒட்டிய காற்றை மெதுவாக்குகிறது. குளிர்காலத்தில் காற்றோடு ஓடும் பனியை அங்கேயே விழ வைக்கிறது. வசந்தத்தில் அந்தப் பனி உருகி மெல்ல இறங்கும். வெயில் குறைவான நேரத்தில் வரும் நீர் என்பதால் அதில் மிகப் பெரும் பங்கு மண்ணில் தங்கிவிடுகிறது. இதற்காகவே இப்போது கதிரை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு தண்டை முழு உயரத்துக்கு விட்டுவிடும் அறுவடைத் தலைப்பை அந்தப் பகுதியில் பலர் பயன்படுத்துகிறார்கள்.

களைக்கொல்லியும் 40 சதவீதமும்

1940-களின் பிற்பகுதியில் 2,4-டி, 1950-களின் இறுதியில் அட்ரசின், 1974-இல் கிளைபோசேட் என்று களைக்கொல்லிகள் ஒவ்வொன்றாக வந்தன. களைக்காக உழ வேண்டிய கட்டாயம் படிப்படியாகத் தளர்ந்தது. ஆக்ரனில் 1960-களின் கடைசியில் குறைந்த உழவும், 1980-களில் உழவே இல்லாத முறையும் சோதனைக்கு வந்தன.

கிரெப்பின் தொகுப்பு 1976 முதல் 1990 வரையிலான காலத்துக்குத் தந்த எண்கள் இவை: தங்கும் பங்கு 40 சதவீதம், நீர் 183 மி.மீ., விளைச்சல் 2.69 டன். பல கட்டுரைகளில் இது அளந்த முடிவு போலவே மேற்கோளாகிறது. தொகுப்பு வெளியானதே 1979-இல். ஆக, அந்தக் கடைசி வரி பெரும்பாலும் முன்கணிப்பு. பின்னாளில் அதே நிலையத்தில் பல ஆண்டுகள் அளந்தபோது உழாத தரிசில் சராசரி 35 சதவீதத்தை ஒட்டியும், வழக்கமான உழவுத் தரிசில் 20 சதவீதத்தை ஒட்டியும் வந்தது. கணிப்பு சற்றுத் தாராளம். போன திசை சரி. உழுத நிலம் இந்தக் காலத்திலும் அதே பழைய 20-இல் நிற்பதைப் பாருங்கள். டிராக்டர் மாறியது, ரகம் மாறியது, உரம் மாறியது. வெற்று மண் மட்டும் தன் நீரை அதே விகிதத்தில்தான் இழக்கிறது.

விளைச்சல் உயர்வு முழுவதையும் ஈரத்தின் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை. ஆக்ரனில் கண்ட தொடர்பின்படி, கோதுமை உறிஞ்சும் நீர் ஒரு மி.மீ. கூடினால் எக்டேருக்குச் சுமார் 12 கிலோ தானியம் கூடும். 102-லிருந்து 183 என்றால் 81 மி.மீ. கூடுதல், அதற்கு ஈடாகச் சுமார் ஒரு டன். மொத்த உயர்வு 1.62 டன். ஆக மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஈரத்தால் வந்திருக்கலாம். மீதி புதிய ரகங்கள், உரம், நேரத்தில் விதைக்க உதவிய கருவிகள் ஆகியவற்றின் பங்கு. ஒவ்வொரு காலத்தின் மழையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. இது என் தோராயக் கணக்குதான். ஆனாலும் ஈரத்தின் பங்கு பெரிது என்பதை இது மறைக்கவில்லை.

பதினான்கு மாதங்களைப் பிரித்துப் பார்த்தால்

இங்கேதான் கதை திரும்புகிறது. எவ்வளவு நன்றாக மூடினாலும், ஒருமுறை கூட உழாவிட்டாலும், 60 சதவீதத்துக்கு மேல் மழை போய்க்கொண்டேதான் இருந்தது. எப்போது போகிறது என்று பார்க்க 14 மாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்.

அறுவடை முடிந்த முதல் இலையுதிர் காலம் வரை ஒரு பகுதி: மண் காய்ந்து கிடக்கிறது, புது வைக்கோல் மூடியிருக்கிறது, ஓரளவு தங்குகிறது. குளிர்காலமும் அதையடுத்த வசந்தத் தொடக்கமும் அடுத்த பகுதி: மழை குறைவு, ஆனால் வருவதில் பெரும்பங்கு தங்குகிறது. மே மாதம் முதல் செப்டம்பர் விதைப்பு வரை கடைசிப் பகுதி: அதிக மழை பெய்வது இப்போதுதான், தங்குவது மிகக் குறைவு. சில ஆண்டுகளில் மண்ணில் இருந்ததும் குறைந்துபோனது.

காரணம் தெளிவு. மே தொடக்கத்திலேயே உழாத நிலம் பெரும்பாலும் ஈரமாகிவிடுகிறது. ஈரமான மண்ணில் புதிய மழை ஆழம் போகாமல் மேலேயே நிற்கும்; மேலே நிற்கும் நீரைக் கோடை வெயில் எடுத்துக்கொள்ளும். வைக்கோலும் அதற்குள் மக்கி மெலிந்திருக்கும். அந்த இரண்டாவது கோடையைத் தரிசாகக் கழிப்பதில் ஈரக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே சேரவில்லை.

சமவெளியின் வடபகுதியில், மொன்டானா, டகோட்டா பக்கம், இன்னொரு கேடும் தெரிந்தது. தரிசில் தேங்கிய நீர் சில இடங்களில் வேர் எட்டும் ஆழத்தைத் தாண்டி இறங்கி, அடிமண் உப்பைக் கரைத்துக்கொண்டு, சரிவின் கீழே கசிந்து, அங்குள்ள நிலத்தை உவராக்கியது. ஈரத்தைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, நேரத்தில் குடிக்க ஒரு வேர் இருக்க வேண்டும்.

உழாமையால் மே மாதத்திலேயே மண் நிறைகிறது என்றால், அப்போதே ஏன் ஒரு பயிர் போடக் கூடாது? 1985-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டர்சன், வெஸ்ட்ஃபால் இருவரும் ஸ்டெர்லிங், ஸ்ட்ராட்டன், வால்ஷ் ஆகிய மூன்று ஊர்களில் இதை நீண்டகாலச் சோதனையாகத் தொடங்கினார்கள். ஆக்ரனிலும் இணையான சோதனைகள் நடந்தன. கோதுமை அறுத்து, அரிதாளை விட்டு, அடுத்த மே மாதம் அதற்குள்ளேயே மக்காச்சோளமோ சோளமோ விதைப்பது. அதன்பின் தரிசு, மறுபடி கோதுமை. இப்படி மூன்று ஆண்டில் இரண்டு பயிர். சிலர் மக்காச்சோளத்துக்குப் பின் பனிவரகும் சேர்த்தார்கள். பனிவரகு குறுகிய காலப் பயிர். ஜூனில் விதைத்தால் செப்டம்பரில் கைக்கு வரும், குறைந்த நீரில் முடியும். இன்று அமெரிக்காவில் பனிவரகு அதிகம் விளையும் மாநிலம் கொலராடோதான் என்பதற்குப் பின்னால் இந்தச் சுழற்சியும் இருக்கிறது.

ஆண்டுச் சராசரியாகப் பார்த்தபோது, கோதுமை-தரிசு முறையைவிட இந்தச் சுழற்சிகள் 70 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் தானியம் தந்தன. நல்ல ரகக் கோதுமையே ஒரு பயிருக்கு 2.69 டன் தந்தாலும், இரண்டு ஆண்டுக்கு ஒரு பயிர் என்றால் ஆண்டுக்கு 1.35 டன்தான் என்று வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். அதோடு, அதிகப் பயிர் என்றால் அதிக வேரும் அதிக வைக்கோலும். மேல்மண்ணில் கரிமம் மெல்ல ஏறியது, மழை இறங்கும் வேகமும் கூடியது. வறட்சியில் கீழே இழுத்த அதே சுழல் இப்போது மேலே தள்ளியது. பல பத்தாண்டு உழவில் இந்தச் சமவெளி மண் தன் கரிமத்தில் பாதி அளவுக்கு இழந்திருந்த நிலையில் இது சின்ன விஷயமல்ல.

கம்பி சொல்வது

ஆனால் தரிசை முழுக்க ஒழித்துவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு 2002 வறட்சி கடுமையான பாடம். தரிசு இல்லாமல், பனிவரகு அறுத்த கையோடு விதைத்த கோதுமைக்கு மண்ணில் சேமிப்பே இல்லை. வானமும் கொடுக்காதபோது அந்தப் பயிர் நிற்க எதுவும் இல்லை. அதன்பின் அந்தப் பகுதியில் பலர் நிலையான சுழற்சிக்குப் பதில், விதைப்பதற்கு முன் மண்ணைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள்.

கேட்கும் கருவி மிக எளியது. சுமார் ஒரு மீட்டரைத் தாண்டிய நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி, நுனியில் கம்பியைவிடச் சற்றுப் பருத்த ஒரு குண்டு. குண்டு பருத்திருப்பதால் கம்பியின் பக்கங்கள் மண்ணோடு உரசாது. கைக்குத் தெரிவது நுனி சந்திக்கும் எதிர்ப்பு மட்டும். உடல் எடையைச் சாய்த்து அழுத்தினால் ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். கல்லில் பட்டால் "டக்" என்று நிற்கும். காய்ந்த மண்ணில் மெதுவாக இறுகி நிற்கும். ஒருமுறை பழகினால் வித்தியாசம் கையிலேயே இருக்கும். வயலில் பல இடங்களில் குத்திப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். டிராக்டர் தடத்திலும், அறுவடையின்போது உமி குவிந்த இடத்திலும் குத்தக் கூடாது. 90 சென்டிமீட்டர் இறங்கினால் அந்த மண்ணில் 140 மி.மீட்டருக்குச் சற்று மேல் பயிருக்கான நீர் இருக்கிறது. 40-இல் நின்றால் 65 மி.மீ. கூட இல்லை. முன்னதில் மக்காச்சோளம் போடலாம். பின்னதில் பனிவரகு அல்லது தீவனப் பயிர், இல்லாவிட்டால் தரிசு. நிலையங்களின் நீண்டகால எண்களை வயலில் நின்று பயன்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

மீண்டும் களை

இந்த முறை முழுவதும் ஒரே தூணில் நிற்கிறது: உழாமல் களையைக் கொல்லும் மருந்து. அந்தத் தூணில் இப்போது விரிசல். கிளைபோசேட்டுக்கு அடங்காத கோச்சியா களை 2007-இல் கன்சாஸில் உறுதியானது. பின் சமவெளி முழுக்கப் பரவியது. கோச்சியா வசந்தத்தின் தொடக்கத்திலேயே, மற்றக் களைகளுக்கு முன்பே முளைக்கும். ஆழ வேர் விடும். முற்றிக் காய்ந்ததும் அடியோடு ஒடிந்து, காற்றில் உருண்டு போகிற வழியெல்லாம் விதை தூவும். தரிசில் இதை விட்டுவைத்தால் உழாமல் சேர்த்த ஈரம் முழுவதும் அதன் வழியே போய்விடும். மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை.

அதனால் சிலர் பல ஆண்டு உழாத நிலத்தில் ஒருமுறை மட்டும் கத்திக் கலப்பையை இறக்குகிறார்கள். உழவே கூடாது என்பவர்களுக்கு இது பின்னடைவாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மூன்று மி.மீ. நீரைக் கொடுத்து, ஆழத்து ஈரத்தை உறிஞ்சும் களையை அறுப்பது லாபமான வியாபாரம். ஆனால் எப்போது, எதை வைத்து என்பது முக்கியம். சட்டிக்கலப்பை கூடாது. வைக்கோல் அடர்த்தியாக இருக்கும்போது, களை இளசாக இருக்கும்போது, மேல்மண் ஏற்கெனவே காய்ந்திருக்கும் வெயில் நாளில், மழை வருவதற்கான அறிகுறி இல்லாதபோது ஓட்ட வேண்டும். ஈரமண்ணில் ஓட்டினால் அறுபட்ட களை மறுபடி வேர் பிடித்துவிடும், கத்தி ஓடிய ஆழத்தில் மண்ணும் தகடாக இறுகும். ஓட்டிய பிறகு விதைப்புக்கு முன் ஒரு நல்ல மழையாவது வர நாள் இருக்க வேண்டும். ஆகவே செப்டம்பர் நெருங்கிவிட்டால் கலப்பையைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, தப்பி நிற்கும் களையைக் கையால் பிடுங்குவதே மேல்.